நீண்ட கம்பியின் கடைசி முனை: தந்தி முதல் வீட்டுக் கேமரா வரை

கம்பி வழியே போகும் மின்சாரத்தில், புறப்பட்ட வோல்ட் அத்தனையும் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதில்லை. கம்பியே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வெப்பமாக மாற்றிவிடுகிறது. கம்பி நீண்டாலும் மெலிந்தாலும் அந்தப் பங்கு கூடும். அதில் ஓடும் மின்னோட்டம் மிகுந்தாலும் கூடும். வாசல், மொட்டை மாடி, தோட்டத்துக் கோடி என்று வீட்டைச் சுற்றி மாட்டப்படும் கண்காணிப்புக் கேமராக்களின் கோளாறுகள் பலவற்றுக்கு இதுவே வேர். பகலில் தெளிவாகத் தெரியும் படம் இருட்டியதும் அறுந்து அறுந்து வருவதும், கேமரா தானாக அணைந்து மீண்டும் உயிர்பெறுவதும் பெரும்பாலும் கேமராவின் குற்றமல்ல. தந்திக்காரர்களும் விளக்குக் கம்பெனிகளும் தொலைபேசி நிலையங்களும் தீர்த்து முடித்திருந்த ஒரு கணக்கை, கேமராத் தொழில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலிலிருந்து போட்டுப் பார்க்க நேர்ந்தது.

கணக்கின் அடிப்படையை வகுத்தவர் ஜெர்மனியின் கேயோர்க் ஓம். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், வெவ்வேறு நீளக் கம்பிகளை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவை 1827இல் நூலாக வெளியிட்டார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்ற அந்த எளிய விதிக்குச் சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் அளித்த பிறகே அவருக்கு உரிய மதிப்புக் கிடைத்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று காட்டினார். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். பின்னால் வந்த தீர்வுகளில் முக்கியமானவை இந்த இருமடிக்கு அஞ்சி எழுந்தவைதாம்.

நீண்ட கம்பியில் கோளாறு கண்டறிவதை ஒரு தொழிலாகவே வளர்த்தவர்கள் தந்திப் பொறியாளர்கள். 1858இல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட முதல் தந்திக் கேபிளில் விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்து அமெரிக்கா போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. சமிக்ஞை மங்கலாக இருக்கிறது என்று கருதிய கேபிள் கம்பெனியின் மின்னியலாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், ஏறத்தாழ 2,000 வோல்ட் தரும் தூண்டுசுருள்களைக் கேபிளில் பூட்டினார். ஏற்கெனவே நலிந்திருந்த காப்புறை அதைத் தாங்கவில்லை. கேபிள் சில வாரங்களில் ஊமையாயிற்று. மறுமுனைக்கு எட்டவில்லையா, இந்த முனையில் அழுத்தத்தை ஏற்று என்ற அவசர வைத்தியத்தின் மிகப் பெரிய தோல்வி அது. அந்த வைத்தியம் இன்றும் வழக்கொழியவில்லை.

அந்தத் தோல்விக்குப் பின் அளவை முறைகள் இறுகின. மின்தடைக்கு ஒரு பொது அலகு வகுக்க 1861இல் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகம் குழு அமைத்தது. வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அதில் முன்னின்றார். ஒரு மைல் கேபிளுக்கு எத்தனை ஓம் என்று தெரிந்தால், கரையில் உட்கார்ந்தபடியே மின்தடையை அளந்து, கடலுக்குள் எத்தனையாவது மைலில் பழுது என்று சொல்லிவிடலாம். பழுது பார்க்கும் கப்பல் நேராக அந்த இடத்துக்குப் போகும். மர்ரே, வார்லி ஆகியோரின் பெயரால் வழங்கும் சுற்றுச் சோதனைகள் இப்படிப் பிறந்தவை. தொலைபேசிக் கேபிள் பழுதுபார்ப்பில் அவை மிக நீண்ட காலம் நிலைத்தன.

தந்தி மறுமுனைக்குச் செய்தியை மட்டும் கொண்டுபோனால் போதும். விளக்கெரிக்கப் போதிய ஆற்றலை அனுப்ப முனைந்தபோது சிக்கல் பணக் கணக்காக மாறியது. தாமஸ் எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது. 110 வோல்ட் நேர்மின்சாரம். ஒரு சதுர மைலுக்கும் குறைவான பரப்பு. அதற்குள்ளேயே கடைக்கோடி விளக்கு மங்காதிருக்க வேண்டுமானால் செம்புக்கு ஆகும் செலவு தலைக்கு மேல் போகும். ஒரே கம்பியை நிலையத்தில் தொடங்கி வீடு வீடாகத் தொட்டுக்கொண்டு போனால் முதல் வீட்டுக்குக் கூடுதலாகவும் கடைசி வீட்டுக்குக் குறைவாகவும் கிடைக்கும். எனவே எடிசன், இடையில் யாருக்கும் கிளை கொடுக்காத ஊட்டுக் கம்பிகளை நிலையத்திலிருந்து தெருக்களின் நடுப்பகுதிகளுக்குத் தனியே இழுத்து, அங்கிருந்து வீடுகளுக்குப் பிரித்தார். ஒரே இணைக் கம்பியில் நான்கு கேமராக்களைத் தொடர்ச்சியாகக் கோத்துவிட்டு, நான்காவது ஏன் ஓடவில்லை என்று தேடும் எவரும் எடிசன் 1880இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த ஏற்பாட்டுக்கு முந்தைய நிலையில்தான் நிற்கிறார்.

செம்பின் தடிமனுக்கும் ஓர் அளவு உண்டு என்று கெல்வின் 1881இல் கணக்கிட்டுச் சொன்னார். கம்பியில் ஆண்டுதோறும் வீணாகும் மின்சாரத்தின் விலையும், கம்பிக்குப் போட்ட முதலின் ஆண்டு வட்டியும் சமமாகும் தடிமனே சிக்கனமானது. அதற்குமேல் தடிப்பது வீண், குறைத்தாலும் வீண்.

தடிமனுக்கு எல்லை உண்டென்றால் மிஞ்சுவது மின்னழுத்தத்தை உயர்த்துவதுதான். பத்து மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால், அதே ஆற்றலுக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். கம்பி இழப்பு நூற்றில் ஒரு பங்காகும். பிரெஞ்சுப் பொறியாளர் மார்செல் டெப்ரே 1882இல் மீஸ்பாக்கிலிருந்து மியூனிக் வரை 57 கிலோமீட்டர் சாதாரணத் தந்திக் கம்பி வழியே உயர் அழுத்த நேர்மின்சாரத்தை அனுப்பினார். கண்காட்சியில் ஒரு செயற்கை அருவிக்கு நீரிறைக்க அது போதுமாக இருந்தது, ஆனால் ஆற்றலில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்தது. மின்மாற்றி கைக்கு வந்த பிறகு, 1891இல் லாஃபனிலிருந்து பிராங்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மாறுதிசை மின்சாரம் போய்ச் சேர்ந்தது. புறப்பட்டதில் ஏறத்தாழ முக்கால் பங்கு மறுமுனையில் கிடைத்தது.

தென்னிந்தியாவுக்கு இந்த முறை விரைவாகவே வந்தது. மைசூர் அரசு காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்க வயலுக்குச் சுமார் 147 கிலோமீட்டர் பயணம் செய்தது. முப்பதாயிரம் வோல்ட் அளவில் அனுப்பியதால்தான் அந்தத் தூரம் கைகூடிற்று. அக்காலத்தில் உலகின் நீண்ட மின்தொடர்களில் அதுவும் ஒன்று. 

தொலைபேசி இவற்றுக்கு நடுவே வேறொரு வழியில் நடந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு சந்தாதாரர் வீட்டிலும் தனி பேட்டரி இருந்தது. அது தீர்ந்தால் பேச்சும் நின்றது. 1890களில் பொது பேட்டரி முறை வந்தது. நிலையத்திலிருந்தே, பேச்சு போகும் அதே இரு கம்பிகளில் மின்சாரமும் போகத் தொடங்கியது. பல கிலோமீட்டர் நீளமான மெல்லிய செம்புக் கம்பியைத் தாண்டி எட்டவும் வேண்டும், தொட்டவரை ஆபத்தில் தள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே 48 வோல்ட் நிலைபெற்றது. ஈய அமில மின்கலம் ஒன்றுக்கு 2 வோல்ட் என்று 24 கலங்களை அடுக்கினால் அது கிடைத்துவிடும். ஊரே மின்வெட்டில் இருண்டிருக்கும்போதும் லேண்ட்லைன் தொலைபேசி பேசியதற்கு இந்த பேட்டரி அறையே காரணம். அங்கே நேர்முனையைத்தான் தரையோடு பிணைத்தார்கள். கம்பி தரையை நோக்க எதிர்மின் நிலையில் இருந்தால், ஈரத்தில் செம்பு அரிப்பது குறையும். மழை படும் இடத்தில் நாடா சுற்றி விடப்பட்ட கேமரா இணைப்பைப் பிரித்துப் பார்த்தால் நேர்முனைக் கம்பி மட்டும் பச்சை பூத்து உதிர்வதற்கும் இதே வேதியியல்தான் காரணம்.

கம்பியாளர் கையில் இன்றிருக்கும் மல்டிமீட்டரும் தொலைபேசித் துறையின் கொடை. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்கேடி, ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்து, மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். அவோமீட்டர் என்ற பெயரில் அது 1923இல் விற்பனைக்கு வந்தது.

கண்காணிப்புக் கேமராவின் தொடக்க காலத்தில் இந்தக் கவலை இல்லை. 1942இல் பீனமுண்டேயில் ஏவுகணை ஏவுதலைத் தொலைவிலிருந்து பார்க்க வால்டர் புரூக் அமைத்த மூடிய சுற்றுத் தொலைக்காட்சியும், பிறகு ஆலைகளிலும் வங்கிகளிலும் வந்தவையும் வெற்றிடக் குழாய்க் கேமராக்கள். கனத்த அந்தக் கருவிகள் சுவரிலுள்ள மின்சாரத்தையே நேராக எடுத்துக்கொண்டன. வீட்டுக்கென்று கேமரா ஏற்பாட்டை முதலில் வரைந்து காப்புரிமை கேட்டவர், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரௌன். கணவர் ஆல்பர்ட்டுடன் 1966இல் விண்ணப்பித்தார், 1969இல் உரிமை கிடைத்தது. கேமரா கதவுக்குப் பின்னாலேயே இருந்ததால் நீண்ட கம்பிக்கு அங்கே வேலையில்லை.

சிக்கலைக் கொண்டுவந்தது முன்னேற்றம்தான். பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969இல் கண்டுபிடித்த, ஒளியைப் படமாக்கும் சிசிடி சில்லு, குழாயை விரட்டியது. கேமரா கைக்குள் அடங்கியது. சில வாட் மின்சாரம் போதும் என்றானது. சிலவகைக் கேமராக்கள் 24 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் ஓடின. விலை மலிந்தவை 12 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு வந்து நின்றன. திருட்டு எச்சரிக்கை மணிப் பெட்டிகளில் ஏற்கெனவே 12 வோல்ட் பேட்டரி இருந்தது, தொட்டால் அதிர்ச்சி இல்லை, அடாப்டர் எங்கும் கிடைத்தது. அந்தத் தேர்வில் மறந்துபோனது தூரம். 110 வோல்ட்டுக்கே ஒரு மைல் எட்டவில்லை என்று கண்டறிந்து நூறாண்டு ஆன பின், அதில் ஒன்பதில் ஒரு பங்கு வோல்ட்டை மெல்லிய கம்பியில் விட்டு மதிற்சுவர்வரை அனுப்பினார்கள்.

படத்தைச் சுமந்த கோஆக்சியல் கேபிள் ஏமாற்றத்தை இன்னும் கூட்டியது. 75 ஓம் ஆர்ஜி-59 கேபிளில் 200 மீட்டர் தாண்டியும் படம் நன்றாகவே வரும். அங்கே போவது ஒரு வோல்ட் அளவிலான சமிக்ஞை, ஆற்றல் அல்ல. அதே உறைக்குள் ஒட்டிப் பிறந்த மின்கம்பிக்கு அந்தத் தூரம் ஆகாது. ஆனால் கேபிள் ஒன்றாக இருப்பதால் தூரமும் ஒன்று என்றே தோன்றும். இந்தியக் கடைகளில் த்ரீ ப்ளஸ் ஒன் என்று கேட்டு வாங்கும் கேபிள் இந்த வகைதான்: படத்துக்கு ஒரு கோஆக்சியல், கூடவே மூன்று மெல்லிய கம்பிகள்.

இரவில் பார்க்கும் அகச்சிவப்பு எல்இடிகள் சேர்ந்தபோது கோளாறு தன் முழு உருவத்தைக் காட்டியது. பகலில் 200 மில்லி ஆம்பியர் எடுக்கும் கேமரா, இருட்டியதும் 500 மில்லி ஆம்பியர் கேட்கிறது என்று கொள்வோம். கேபிள் 60 மீட்டர், செம்புக் கம்பி 0.5 சதுர மில்லிமீட்டர். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்பதால் மின்சாரத்தின் பாதை 120 மீட்டர். தடை சுமார் 4.1 ஓம். பகலில் 0.8 வோல்ட் குறைந்து 11.2 வோல்ட் போய்ச் சேரும், கேமராவுக்குக் குறையில்லை. இரவில் 2 வோல்ட்டுக்கு மேல் குறைந்து 10 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். பெரும்பாலான 12 வோல்ட் கேமராக்கள் பத்து விழுக்காடு ஏற்ற இறக்கத்துக்கே உறுதி அளிக்கின்றன, 10.8க்குக் கீழே என்ன நடக்கும் என்பது கேமராவுக்குக் கேமரா மாறும்.

மங்கிய விளக்கு எடிசனின் வாடிக்கையாளருக்குக் குறையைக் கண்ணெதிரே சொன்னது. கேமரா மங்குவதில்லை. உள்ளே இருக்கும் மின்சுற்று, வோல்ட் குறையக் குறைய அதே ஆற்றலுக்காகக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்தக் கூடுதல் மின்னோட்டம் கம்பியில் இன்னும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்கிறது. ஒரு கட்டத்தில் கேமரா விழுந்துவிடுகிறது. விழுந்ததும் எல்இடி அணையும், மின்னோட்டம் நிற்கும், வோல்ட் மீளும். கேமரா மறுபடி விழித்து, இருட்டைப் பார்த்து எல்இடியை ஏற்றி, மறுபடி விழும். விடியும்வரை இதே சுழற்சி. மறுநாள் காலை பழுது பார்க்க வருபவருக்குக் குற்றம் ஒன்றும் தெரியாது. நல்ல கேமராக்கள் இப்படித்தான் மாற்றப்பட்டுக் கடைக்குத் திரும்பின.

கம்பியாளர்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்ட சோதனை எளியது. மல்டிமீட்டரைக் கேமரா முனையில் வைக்க வேண்டும். கேமரா இணைந்திருக்க வேண்டும். எல்இடி எரிந்திருக்க வேண்டும். பகலானால் ஒளியுணரியைக் கையால் மூடினால் போதும். கேமராவைக் கழற்றிவிட்டு வெறும் பின்னில் அளப்பதே நெடுநாள் நடந்த பிழை. மின்னோட்டம் இல்லாத கம்பியில் குறைவும் இல்லை, ஆகவே மீட்டர் 12 என்றே காட்டும். ஓம் விதி தெரிந்த கையும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறது. இரண்டாவது சோதனை இன்னும் எளிது: சந்தேகத்துக்குரிய கேமராவை, படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டி அருகே கொண்டுவந்து ஒரு முழக் கம்பியில் ஓட்டிப் பார்ப்பது. அங்கே ஓடினால் பழி கம்பிக்கு, அல்லது இணைப்புக்கு.

கம்பிக்கே பழி சேரும் காலமும் வந்தது. செம்பின் விலை ஏறியபோது, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிள்கள் சந்தையை நிறைத்தன. பார்வைக்குச் செம்பு, தடையோ அதே தடிமனில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மேற்சொன்ன 60 மீட்டர் கணக்கில் இரவு வோல்ட் 9க்குக் கீழே இறங்கிவிடும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். சில முறை வளைத்தால் ஒடியும். வெயிலில் கிடக்கும் மாடிக் கேபிள் 60 டிகிரிக்குச் சூடானால் நல்ல செம்பின் தடையே 16 விழுக்காடு அளவில் கூடும். எனினும் இரவுக் கோளாற்றில் வெப்பத்தின் பங்கு சிறிது. பழைய அடாப்டருக்குள் உலர்ந்துபோன மின்தேக்கி அதைவிட அதிகம் கெடுத்திருக்கிறது.

தீர்வுகளும் பழைய வரிசையிலேயே வந்தன. வைட்ஹவுஸின் வழி முதலில். கேமராக்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலுள்ள சிறு திருகைத் திருப்பி 12ஐ 14 ஆக்கினால் கடைசிக் கேமரா விழித்துக்கொள்ளும். பெட்டிக்குப் பக்கத்துக் கேமராவுக்கு அந்த 14உம் குறையாமல் போய்ச் சேர்ந்து அதைச் சூடேற்றும். அடுத்தது தடித்த கம்பி. 100 மீட்டருக்கு அரை ஆம்பியர் அனுப்ப 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் 10.8 வோல்ட் அளவில் தேறும், வீட்டு மின்விசிறிக்கு இழுக்கும் கம்பி அது. கேபிளில் சும்மா கிடக்கும் மூன்றாவது கம்பியை எதிர்முனையோடு சேர்த்து முறுக்குவது இதன் ஏழை வடிவம். அது கால் பங்குக் குறைவை மீட்டுத் தரும்.

மூன்றாவது வழி, மின்சாரத்தைக் கேமராவுக்கு அருகிலேயே எடுப்பது. இது வோல்ட் குறையைத் தீர்த்து, வேறொரு நோயைத் தந்தது. கேமரா ஓரிடத்தில், டிவிஆர் வேறிடத்தில் என்று தனித்தனியே தரையிணைப்புப் பெறும்போது இரண்டு தரைகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் இருக்கும். கோஆக்சியலின் வெளிச்சடை அந்த இரண்டையும் பிணைத்துவிட, அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் படத்தில் மேலும் கீழும் நகரும் பட்டைகளாகத் தெரியும். தரைப் பிணைப்பை அறுக்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றிகள் அதற்கென்றே விற்கப்பட்டன. 24 வோல்ட்டில் அனுப்பிக் கேமரா அருகே ஒரு மாற்றிச் சில்லால் 12க்கு இறக்குவது நான்காவது வழி. லாஃபனில் நடந்ததன் சிறு அளவு வடிவம் இது. மேற்கண்ட எல்லாவற்றிலும் செலவுக்கேற்ற பலன் தருவதும் இதுவே.

தொழில் முழுவதுக்குமான மாற்றம் கணினி வலையமைப்பு வழியாக வந்தது. ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் 1996இல் வலையமைப்பில் நேரடியாக இணையும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. படம் ஈதர்நெட் கேபிளில் போகலாம் என்றானபின், மின்சாரமும் அதிலேயே போகட்டும் என்ற எண்ணம் வலுத்தது. அலுவலக மேசைகளில் இணையத் தொலைபேசி பரவியதும் அதற்குத் துணை நின்றது. ஐஇஇஇ அமைப்பு 2003இல் அங்கீகரித்த 802.3ஏஎஃப் தரநிலை, பவர் ஓவர் ஈதர்நெட் என்று வழங்குவது, தொலைபேசி நிலையத்தின் 48 வோல்ட்டைச் சுற்றியே அமைந்தது. அனுப்பும் முனையில் 44 முதல் 57 வோல்ட் வரை. பெறும் முனையில் 37 வோல்ட் வரை இறங்கினாலும் கருவி ஓட வேண்டும்.

இந்தத் தரநிலையின் உண்மையான அழகு, இழப்பை மறைக்காமல் முன்கூட்டியே கணக்கில் எழுதியதில் இருக்கிறது. அனுப்புவது 15.4 வாட், பெறுவதற்கு உறுதி 12.95 வாட். இடையிலுள்ள 2.45 வாட் எங்கே? கேபிளின் உச்சத் தடை 20 ஓம், உச்ச மின்னோட்டம் 0.35 ஆம்பியர், 0.35ஐ இருமடித்து 20ஆல் பெருக்கினால் சரியாக 2.45 வரும். ஜூலின் விதியை அப்படியே தரநிலைக்குள் பதித்திருக்கிறார்கள். கருவியில் 25 கிலோ ஓம் அடையாளத் தடை இருக்கிறதா என்று சிறு அழுத்தத்தில் கேட்டறிந்த பின்னரே 48 வோல்ட் திறக்கப்படுவதால், சாதாரணக் கணினியைச் செருகினாலும் கெடாது. 6 வாட் கேமராவுக்கு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் வேண்டும். 48 வோல்ட்டில் அதில் கால் பங்கு போதும், ஒரே கம்பியில் இழப்பு பதினாறில் ஒரு பங்கு. 2009இலும் 2018இலும் வந்த விரிவாக்கங்கள் அனுப்பும் ஆற்றலை 30 வாட்டுக்கும், பிறகு 90 வாட்டுக்கும் உயர்த்தின. கழுத்தைத் திருப்பும் பெரிய கேமராக்களும் அதில் அடங்கின.

பழைய கோளாறு இதனால் அடியோடு போய்விடவில்லை. ஈதர்நெட் கேபிளின் உபரி இணைகளில் அடாப்டரின் 12 வோல்ட்டை அப்படியே செலுத்தும் மலிவான பிரிப்பான்கள் பவர் ஓவர் ஈதர்நெட் என்ற அதே பெயரில் விற்கப்படுகின்றன. பேச்சுவார்த்தையும் இல்லை, உயர் அழுத்தமும் இல்லை, 30 மீட்டரைத் தாண்டினால் 12 வோல்ட்டின் இரவுச் சுழற்சி மறுபடி தொடங்குகிறது. முலாம் பூசிய அலுமினியம் ஈதர்நெட் தரநிலைகளுக்கு ஒவ்வாதது. ஆனாலும் கடைகளில் கிடைக்கிறது.

ஈதர்நெட்டின் 100 மீட்டர் எல்லை தரவுக்காக வகுக்கப்பட்டது. வேகத்தை 10 மெகாபிட்டாகக் குறைத்துக்கொண்டு 250 மீட்டர்வரை இழுக்க உதவும் ஸ்விட்ச்கள் வந்துள்ளன. அந்தத் தூரத்தில் மின்சாரம்தான் மறுபடி முதலில் தளர்கிறது. அதற்கும் அப்பால் கண்ணாடி இழை கிலோமீட்டர் கணக்கில் படத்தைக் கொண்டுபோகும். கேமரா ஓடத் தேவையான சில வாட் மின்சாரத்தை நடைமுறையில் அது கொண்டுபோவதில்லை. ஆகவே தோப்புக் கோடியிலும் நெடுஞ்சாலைக் கம்பத்திலும் நிற்கும் கேமராவுக்கு, இழையோடு சேர்த்து ஓர் இணைச் செம்புக் கம்பி ஓட்டுகிறார்கள். அல்லது கம்பத்தின் தலையிலேயே சூரிய ஒளித் தகடும் பேட்டரியும் வைத்துவிடுகிறார்கள்.